கடலூர் சின்னி கிருஷ்ணன்: அவர் செய்த வேலையைப் பற்றி வேலை தெரிந்தவர்கள் பேசுவோம்

#1 கெடிலம்

சின்னி கிருஷ்ணனை ‘சாஷேயின் (சிறு பாக்கெட்டின்) தந்தை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக் கடலூரில் மருந்துப் பொருட்களைச் சில்லறையாக பாக்கெட் போட்டு விற்றவர், மகன் கல்லூரிக்குள் கால் வைத்த நேரத்திலேயே காலமாகிவிட்டார், பிள்ளைகள் ஷாம்புவைப் பாக்கெட்டில் போட்டுப் பெரிய ஆளானார்கள். அவ்வளவுதான் எழுதுகிறார்கள். மனிதர் என்ன செய்தார், அது ஏன் லேசான வேலை இல்லை என்று யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை.

டால்கம் பவுடர் தகர டப்பாவில் மட்டும் வந்த காலத்தில் அதை 100, 50, 20 கிராம் பாக்கெட்டாக்கினார். எப்சம் உப்பு 100 கிராமாக விற்றபோது 5, 10, 20 கிராமாகப் பிரித்தார். திரவத்தையும் இப்படி அடைக்கலாம் என்று நம்பினார். கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் தன் சரக்கை வாங்க வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. இதெல்லாம் பின்னாளில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கிய மகன் சி.கே.ரங்கநாதன் பேட்டிகளில் சொன்னது.

பேக்கிங், ஷாம்பு தயாரிப்பு, கணக்கு தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒரு முன்னோடிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர் வேலையைப் புரிந்துகொள்வதுதான்.

#2 பேக்கிங்_முருகு

நல்ல இழை. பவுடரில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் அதை எளிது என்று நினைக்கிறார்கள்.

டால்க் மிக நுண்ணிய தூள். கொட்டும்போது காற்றை இழுத்துக்கொண்டு பொங்கும். 20 கிராமை எடை போட்டு அடைத்தால் அந்த நேரத்தில் பாக்கெட் நிறைந்து தெரியும். லாரியில் இரண்டு நாள் குலுங்கினால் தூள் படிந்து பாக்கெட் முக்கால்வாசிதான் இருக்கும். வாங்குபவர் ‘அளவு குறைவு’ என்பார், எடை சரியாக இருந்தாலும். அதனால்தான் அடைக்கும்போதே அதிர்வுத் தட்டில் வைத்துப் படியவிட்டு, பிறகு மேல் சீல் போடுவார்கள்.

இன்னொரு தொல்லை சீலில் வரும். பாலித்தீன் உருகி ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய இடத்தில் மெல்லிய தூள் படலம் இருந்தால் ஒட்டாது. பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறும், தூள் தானாகவே அந்த விளிம்பில் போய் ஒட்டும். கையால் புனல் வைத்து அடைக்கிற இடத்தில் புனலின் வாய் சீல் கோட்டுக்குக் கீழே, குறைந்தது 2 செ.மீ. உள்ளே இறங்க வேண்டும். தூள் அடங்கிய பிறகு புனலை வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் அந்தப் பாக்கெட் போச்சு. தகர டப்பாவுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. மூடியை அழுத்தினால் முடிந்தது. டப்பாவை விட்டுப் பாக்கெட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

#3 உப்பங்கழி

எப்சம் உப்பு இதைவிடச் சிக்கலான சரக்கு. நம் ஊரில் பேதி உப்பு என்பார்கள். வேதியியல்படி மக்னீசியம் சல்பேட், அதோடு ஏழு மூலக்கூறு நீர். எடையில் பாதிக்குச் சற்று மேல், 51 சதவீதம் தண்ணீர்தான்! உலர்ந்த படிகமாகக் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவே.

சுமார் 48 டிகிரிக்கு மேல் போனால் அந்த நீரில் ஒரு பங்கு கழன்று வெளியே வரும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் அந்த வெப்பம் எட்டாத தூரம் இல்லை. பாக்கெட் இறுக்கமாக மூடியிருந்தால் அந்த நீர் உள்ளேயே நின்று உப்பை நனைக்கும். ஆறியதும் கல்லாக இறுகும். சரி, லேசாக மூடுவோம் என்றால், வறண்ட காற்றில் நீர் பறந்து 5 கிராம் பாக்கெட் எடை குறையும். கடலோரத்து ஈரக் காற்றில் வெறும் காகிதப் பொட்டலமோ பிசுபிசுக்கும். சரக்கைக் குளிர்ந்த இடத்தில் வைப்பது, சீல் சூடு உப்பின் மீது படாதபடி மேலே வெற்றிடம் விடுவது, இரண்டும் வேண்டும்.

5, 10, 20 என்ற பிரிவையும் கவனியுங்கள். மலம் இளக ஒருவேளைக்குக் கலக்கிக் குடிக்கும் அளவு ஏறக்குறைய இந்த வரம்புக்குள்தான் வரும். 100 கிராம் வாங்குபவர் ஒருமுறை பயன்படுத்திவிட்டு மீதியை அடுக்களையில் கட்டியாக்கி வைத்திருப்பார். ‘விலை குறைந்த பாக்கெட்’ என்று மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டும் என்பதில் இருந்து பாக்கெட்டின் அளவு வந்திருக்கிறது என்பது என் கருத்து. பின்னாளில் வந்த ஷாம்பு பாக்கெட்டும் அதேதான், ஒரு தலைக்குளியலுக்கு ஒன்று.

#4 சுடர்_டிப்ளமோ

பவுடர், உப்பு புரிகிறது. திரவத்துக்கு என்ன அவ்வளவு வித்தியாசம் சார்? அதே பாலித்தீன், அதே சீல்தானே?

#5 பேக்கிங்_முருகு

அதே சீல் இல்லை தம்பி. பவுடர் பாக்கெட்டில் சீலுக்குள் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் சரக்கு வெளியே வராது. ஷாம்பு அந்த இடைவெளியைத் தேடிப் பிடித்து ஒருவாரத்தில் வெளியே வந்துவிடும். வந்தால் ஒரு பாக்கெட்டோடு நிற்காது. சரம் முழுக்கப் பிசுக்கு, பெட்டி அடியில் தேக்கம், கடைக்காரர் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்புவார்.

சீலை முடிவு செய்வது மூன்று விஷயம்: தாடையின் (பாக்கெட்டை அழுத்தி ஒட்டும் சூடான கட்டையின்) சூடு, அழுத்தம், பிடித்திருக்கும் நேரம். இன்றைய லேமினேட்டுக்கு (பல அடுக்கு ஒட்டிய ஃபிலிமுக்கு) தாடை 140 முதல் 160 டிகிரி, நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு. சூடு குறைந்தால் ஒட்டினாற்போல் தெரியும், ஒட்டியிருக்காது. கூடினால் சீல் விளிம்பில் பிளாஸ்டிக் மெலிந்து, அழுத்தியதும் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். வெடித்த பாக்கெட்டை வைத்தே காரணம் சொல்லலாம். சீலுக்குள்ளேயே பிரிந்திருந்தால் சூடு போதவில்லை. சீலின் உள்விளிம்பை ஒட்டி அறுந்திருந்தால் சூடு அதிகம்.

நிரப்பும் குழாய்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். ஷாம்பு கொழகொழப்பானது. பம்ப் நின்ற பிறகும் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வரும், அந்த நூல் சீல் போட வேண்டிய இடத்தில் விழும். நல்ல மெஷினில் பிஸ்டன் கடைசி நொடியில் கொஞ்சம் பின்னால் இழுத்து நூலை அறுக்கும். அது இல்லாத கை மெஷினில் குழாயின் மூக்கை மெலிதாக்கி, இறங்கும் வேகத்தைக் குறைத்துத்தான் சமாளிக்க முடியும்.

அடுத்தது ‘சூட்டுப் பிடி’. அடிச் சீல் போட்ட உடனே, அது ஆறும் முன்பே, மேலிருந்து ஷாம்பு அதன்மேல் விழுகிறது. உருகிய நிலையிலேயே அந்த எடையைத் தாங்க வேண்டும். சாதாரண பாலித்தீனான எல்டிபிஇ இதில் பலவீனம். எல்எல்டிபிஇ என்ற உறுதியான பாலித்தீன் வகை கலந்தால் தாங்கும். நடுச் சீல் உள்ள பாக்கெட் என்றால், அந்த நடுக்கோடு மேல் சீலைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு அடுக்கு திடீரென நான்காகும் இடம் அது. மூலையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். கசிவு எங்கே என்று தேடுபவர் முதலில் அங்கே பார்க்கட்டும்.

சோதனை: பாக்கெட்டுகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மூடிய கண்ணாடித் தொட்டியில் காற்றை உறிஞ்சி 30 வினாடி வைக்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. மெஷின் போட்டதும், தாடையில் பிளாஸ்டிக் ஒட்டாமல் இருக்கப் போடும் டெஃப்லான் துணியை மாற்றியதும், ரோல் மாற்றியதும் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும்.

#6 லேமினேட்_சேகர்

முருகு சார் சொன்னதோடு ஒன்று. வெறும் பாலித்தீனில் ஷாம்பு அடைத்தால் சீல் சரியாக இருந்தாலும் சரக்கு கெடும். வாசனை எண்ணெய் பாலித்தீனுக்குள் ஊறி வெளியே போய்விடும். இரண்டு மாதத்தில் கடை முழுக்க மணக்கும், பாக்கெட்டுக்குள் மணம் இருக்காது. நுரைப் பொருளே பாலித்தீனைத் தாக்கி, மடிப்பு விழுந்த இடத்தில் மயிர்விரிசல் விடவும் செய்யும்.

அதனால் வந்ததுதான் மூன்று அடுக்கு: வெளியே 12 மைக்ரான் பாலியெஸ்டர், நடுவில் அலுமினியப் பூச்சு ஏற்றிய 12 மைக்ரான் பாலியெஸ்டர், உள்ளே 50 மைக்ரான் பாலித்தீன். அச்சு வெளி அடுக்கின் உட்புறத்தில் தலைகீழாக இருக்கும், அதனால் உரசினாலும் மை போகாது. பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரியில்தான் உருகும், பாலித்தீன் 110-லேயே இளகும். வெளியே கெட்டியாக நிற்க, உள்ளே மட்டும் உருகி ஒட்டுகிறது. அந்தப் பெரிய வித்தியாசம்தான் வேகமாக சீல் போட இடம் கொடுக்கிறது.

#7 நுரை_வேதியியல்

மெஷின்காரர்கள் எப்போதும் பாக்கெட்டையே பேசுவார்கள். பாக்கெட்டுக்கென்றே ஷாம்புவைத் தயாரிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

100 கிலோ தயாரிப்புக்கு ஒரு மாதிரிக் கணக்கு: எஸ்எல்இஎஸ் (முக்கிய நுரைப் பொருள்) 70 சத பேஸ்ட் 15 கிலோ, 30 சத கோகாமிடோபுரொபைல் பீட்டைன் (துணை நுரைப் பொருள்) 7 கிலோ, முத்துப் பளபளப்புக்கு 2 கிலோ, வாசனை 400 கிராம், பாதுகாப்புப் பொருள் அதன் பரிந்துரை அளவில், சிட்ரிக் அமிலம் பிஎச் 5.5–6.5 வரும்வரை, சாதாரண உப்பு 1 கிலோவில் இருந்து 1.5 வரை, மீதி தண்ணீர்.

வரிசை முக்கியம். தண்ணீரில்தான் பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பேஸ்ட்டில் தண்ணீரை ஊற்றினால் நடு அடர்த்தியில் அது கெட்டியான ஜெல்லாக மாறி, கலக்கும் மெஷினே நின்றுவிடும். பிறகு மணிக்கணக்கில் கரைக்க வேண்டியதுதான்.

உப்புதான் ஷாம்புவைக் கெட்டியாக்குவது. ஒரு உச்சம் வரை ஏறும், அதைத் தாண்டி ஒரு பிடி போட்டாலும் சட்டென்று நீர்த்துவிடும். போட்ட உப்பை எடுக்க வழியில்லை. உப்பு போடாத புதுக் கலவை செய்து இதனோடு சேர்த்தால்தான் மீட்கலாம். ஆகவே தண்ணீரில் கரைத்து 200 கிராமாக ஊற்றிப் பார்த்துப் போக வேண்டும். வாசனையை முதலில் சேர்த்துவிட வேண்டும், ஏனென்றால் அதுவும் கெட்டித் தன்மையை மாற்றும். கடலோர ஊர்களில் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் வழக்கமான அளவைப் போட்டால் உச்சம் தாண்டிவிடும். உப்பு நீக்கிய தண்ணீர்தான் பாதுகாப்பு.

புட்டிக்குக் கெட்டியான ஷாம்பு அழகு. பாக்கெட்டுக்கு அது நூல் இழுக்கும். தண்ணியாக இருந்தால் தெறிக்கும். கெட்டித் தன்மையை 3,000-லிருந்து 5,000 சென்டிபாய்ஸ் (அதை அளக்கும் அலகு) வரை வைத்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம். கலக்கிய உடனே அடைக்கவும் கூடாது. காற்று 5 சதம் சிக்கியிருந்தாலே 6 மி.லி.யில் 0.3 மி.லி. குறையும். ராத்திரி முழுக்க மூடி வைத்து, நுரை மேலே ஏறியபின் அடியிலிருந்து எடுப்பது வழக்கம்.

#8 பேரேடு

இனி பணக் கணக்கு. பாக்கெட் 50-க்கு 75 மி.மீ. என்று வைப்போம். இரண்டு பக்கமும் சேர்த்து 7,500 சதுர மி.மீ. லேமினேட் சதுர மீட்டருக்கு 85 கிராம். பாக்கெட்டுக்கு 0.64 கிராம் ஃபிலிம். கழிவு போக ஒரு கிலோவில் 1,500 பாக்கெட்.

ரங்கநாதன், தன் அண்ணன்மாரின் ஷாம்பு தொழிலில் இருந்து வெளியே வந்தபோது கையில் இருந்தது 15,000 ரூபாய். அவர் சொன்ன செலவுகள்: வீடும் அலுவலகமும் சேர்ந்த இடத்துக்கு வாடகை 250, முன்பணம் 1,000, தயாரிப்புக் கூடத்துக்கு வாடகை 300, முன்பணம் 1,200, பாக்கெட் மெஷின் 3,000. கூட்டினால் 5,750. மிச்சம் 9,250-ல் மூலப்பொருள், ஃபிலிம், உரிமம், கடனுக்கு விடும் சரக்கு எல்லாம் ஓட வேண்டும்.

முதல் மாத விற்பனை 20,000 பாக்கெட் என்கிறார். 6 மி.லி. என்று வைத்தால் 120 லிட்டர் ஷாம்பு, 13 கிலோ ஃபிலிம், அவ்வளவுதான். இன்று இதே அளவில் தொடங்குபவர் மாட்டிக்கொள்வது அச்சில். சிலிண்டர் போட்டு அச்சடிப்பவர் 100 கிலோவுக்குக் குறைந்து எடுப்பது அபூர்வம். 100 கிலோ என்றால் ஒன்றரை லட்சம் பாக்கெட், அதாவது ஏழு மாதச் சரக்குக்கு மேல் பணம் முடங்கும். அச்சில்லாத ஃபிலிம் வாங்கி, சரத்துக்கு ஒரு லேபிள் அட்டை வைத்துத் தொடங்குவதே நல்லது.

0.2 மி.லி. கூடுதலாக விழுந்தால் 6 மி.லி.யில் 3.3 சதம் இலவசமாகப் போகிறது. ஒரு ரூபாய் சரக்கில் லாபமே அந்த அளவுதான் நிற்கும். மெஷினை அரைமணிக்கு ஒருமுறை எடை பார்ப்பதை விடக் கூடாது.

#9 மயில்விழி

அப்பா என்ற பக்கத்தையும் சேருங்கள். வீட்டில் மற்ற பிள்ளைகள் படிப்பில் கெட்டிக்காரர்கள், ரங்கநாதன் சுமார். அந்தப் பையனை அடித்துப் படிக்க வைக்காமல், ‘விவசாயம் பார், இல்லாவிட்டால் தொழில் செய்’ என்று வழி விட்டிருக்கிறார். பையன் 500 புறா, மீன், பறவை என்று வளர்த்து விற்றுக் கைச்செலவுக்குப் பார்த்துக்கொண்டார். அதையும் தடுக்கவில்லை. அந்தக் காலத்து நடுத்தர வீட்டில் இது எத்தனை பெரிய விஷயம்!

அவர் போன பிறகு அண்ணன்மார் 1980-களின் தொடக்கத்தில் வெல்வெட் ஷாம்புவை பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். கருத்து வேறுபாட்டில் பிரிந்து வந்த தம்பி 1983-ல் அப்பாவின் பெயரெழுத்துகளைக் கொண்டே ‘சிக்’ என்று பெயர் வைத்தார். 1998-ல் கம்பெனி கவின்கேர் ஆனபோதும் அதற்குள் சி.கே. இருக்கிறது. மெட்ராஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷனோடு சேர்ந்து சிறு தொழில்முனைவோருக்குத் தரும் விருதும் சின்னிகிருஷ்ணன் பெயரில்தான்.

அப்பா புதிது புதிதாகக் கண்டுபிடித்தார், விற்கத் தெரியவில்லை என்று மகனே சொல்லியிருக்கிறார். அதில் கசப்பு எதுவும் இல்லை. ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போன மனிதருக்கு விற்பனையைக் கட்டியெழுப்ப ஆயுள் மிஞ்சவில்லை என்றே எனக்குப் படுகிறது.

#10 பேரேடு

மயில்விழி அம்மா சொன்னதை ஒட்டி ஒன்று. குடும்பத் தொழிலின் தலைவர் திடீரென்று போனால் முதலில் காணாமல் போவது தலையில் மட்டும் இருந்த விவரம். தாடைச் சூடு எத்தனை, எந்த வியாபாரியிடம் எத்தனை நாள் கடன், எந்த ஏஜென்ட் பாக்கி. ஒரு நோட்டில் தயாரிப்புத் தேதி, ஒவ்வொரு சரக்கின் எடை, மெஷின் அமைப்பு, சோதனை முடிவு என்று எழுதி வைத்தால் அது பிள்ளைகளுக்குச் சொத்து.

சட்டப் பக்கம்: தனி உரிமையாளர் தொழில் அவரோடு முடிகிறது. வாரிசு புதிய ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். பழைய கணக்கில் உள்ள உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டி, கழித்துக்கொள்ள வேண்டியதை) ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பழைய பதிவை ரத்து செய்யும் முன்பே. அவசரமாக ரத்து செய்துவிட்டு வருபவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள். கூட்டாண்மை என்றால் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை ஒரு பங்காளி இறந்ததும் நிறுவனம் கலைகிறது. இரண்டே பங்காளிகள் என்றால் பத்திரத்தில் எழுதியிருந்தாலும் பயனில்லை. இந்துக் குடும்பத்தில் ஆண் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. தாயாரை மறந்துவிட்டு மெஷினையும் கட்டடத்தையும் பிரிப்பது பிற்பாடு வழக்காகும். மைனர் பிள்ளையின் பங்கில் நிலமோ கட்டடமோ இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

#11 வாய்க்கால்

எல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்து ஓடைகளில் அடைத்துக் கிடப்பதும் இதே பாக்கெட்டுதான். ஒரு நல்ல மனிதரை நினைவுகூரும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை. மூன்று அடுக்கு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது, உருக்கி மறுபடி பயன்படுத்தவும் முடியாது. விதிகளில் பல அடுக்குப் பேக்கேஜிங் என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள், தயாரிப்பாளர் திரும்ப எடுக்க வேண்டும் என்று. நடப்பில் பெரும்பாலும் சிமென்ட் ஆலை உலைக்குத்தான் போகிறது, அதுவும் யாராவது பொறுக்கினால்.

#12 லேமினேட்_சேகர்

நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். எடையில் பார்த்தால் பாக்கெட் குற்றவாளி இல்லை. 6 மி.லி.க்கு 0.64 கிராம் என்றால் மி.லி.க்கு 0.11 கிராம். 100 மி.லி. புட்டியும் மூடியும் 18 கிராம் என்று வைத்தால் மி.லி.க்கு 0.18. ஆனால் ஹெச்டிபிஇ (கெட்டியான பாலித்தீன்) புட்டியைக் காயலாங்கடைக்காரர் வாங்குவார். பாக்கெட்டை யாரும் வாங்குவதில்லை. ஒரு கிலோ சேர்க்க 1,500 தடவை குனிய வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி கட்டுபடியாகாது.

இதற்கு விடை இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே இருக்கிறது. எந்தக் கம்பெனியின் ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் ஓடியது. பிறகு ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயில் இருந்து 12 லட்சத்துக்குப் போனது. விற்பனைக்காகச் செய்ததுதான். ஆனாலும் காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை வைத்தால் ஜனங்கள் அதைப் பத்திரமாகச் சேர்த்துக் கொண்டுவருவார்கள் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

#13 சுடர்_டிப்ளமோ

ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் பாக்கெட் செய்தால் மறுசுழற்சிக்குப் போகுமே சார்? ஏன் எல்லோரும் மாறவில்லை?

#14 பேக்கிங்_முருகு

முயற்சி நடக்கிறது. வெளியிலும் உள்ளேயும் பாலித்தீன், வெளி அடுக்கை மட்டும் இழுத்து விறைப்பாக்கியது. சிக்கல் #6-ல் சேகர் சொன்ன இடத்தில்தான். பாலியெஸ்டருக்கும் பாலித்தீனுக்கும் இடையில் 100 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தது. இங்கே வெளி அடுக்கும் 130-ஐ ஒட்டி உருகத் தொடங்கிவிடும். தாடை கொஞ்சம் சூடேறினால் வெளிப்புறம் சுருங்கித் தாடையில் ஒட்டும், கொஞ்சம் குறைந்தால் உள்ளே ஒட்டாது. பழைய மெஷினில் சூடு மேலும் கீழும் 8, 10 டிகிரி ஆடும். அதில் இது ஓடாது.

மாற விரும்பும் சிறிய யூனிட்டுக்கு வரிசை இது: முதலில் நல்ல சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி போட்டு ஆட்டத்தை 2 டிகிரிக்குள் கொண்டுவாருங்கள். தாடையின் நீளத்தில் மூன்று இடத்தில் தனித்தனியாக அளந்து பாருங்கள், ஓரம் எப்போதும் நடுவைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். உள் அடுக்குக்குக் குறைந்த சூட்டில் ஒட்டும் மெட்டலோசீன் பாலித்தீன் கேளுங்கள். மெஷின் வேகத்தை நிமிடத்துக்கு 60 முறை சீல் போடுவதில் இருந்து 40 முறையாகக் குறைத்து, நேரத்தைக் கூட்டி, சூட்டைக் குறையுங்கள். வாசனை தாங்குகிறதா என்று தெரிய 40 டிகிரி அறையில் மூன்று மாதம் வைத்து, மாதாமாதம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். மணம் குறைந்தால் தடுப்பு அடுக்கு போதவில்லை என்று அர்த்தம். லேமினேட் தருபவரிடம் ஈவிஓஹெச் (வாசனையைத் தடுக்கும் பிளாஸ்டிக்) அடுக்கு சேர்த்துக் கேட்க வேண்டும், மொத்தத்தில் 5 சதத்துக்கு மிகாமல்.